மதுரை கோர்ட்டு மெஸ்: அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிச் சமாளிக்கிறது?

#1 கல்லாக்காரன்

கோர்ட்டு வட்டாரத்தில் பேர் வாங்கிய பழைய மெஸ் கை மாறும்போது அதே மாஸ்டர் இருப்பார், அதே மசாலா, அதே கறிக்கடை. ஆனாலும் ஆறு மாசத்தில் வெள்ளைச்சட்டைக் கூட்டம் கலைந்துவிடுகிறது. "பழைய ருசி இல்லப்பா" என்று வெளியே பேச்சு. எனக்கென்னவோ ருசி போவதற்கு முன்னாலேயே நேரம் போய்விடுகிறது என்றுதான் படுகிறது. இடைவேளை முக்கால் மணி நேரம். நடந்து வர அஞ்சு நிமிஷம், திரும்ப அஞ்சு. மிச்சம் முப்பத்தஞ்சில் உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவி, காசு கொடுத்து, கோட்டை மாட்டிக்கொண்டு ஹாலில் நிற்க வேண்டும்.

அதை மட்டும் பேசுவோம். நாற்பது இருக்கை, அசைவம் பிரதானம், சைவச் சாப்பாடும் உண்டு, இடைவேளை 1.30 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு, நேரம், எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது. "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா" வகையறா இங்கே வேண்டாம்.

#2 வாய்தா

சமையலுக்குப் போறதுக்கு முன்னாடி யார் சாப்பிட வர்றாங்கன்னு பிரிச்சுக்கங்க. மதுரையில கோர்ட்டுக் கூட்டம் ஒண்ணு இல்ல, ரெண்டு.

மேலூர் ரோட்டு ஜில்லா கோர்ட்டுக் கூட்டம் நடந்து வரும். வக்கீல், குமாஸ்தா, டைப்பிஸ்ட், நோட்டரி, கோர்ட்டு டூட்டி போலீஸ், ஜாமீன் போட வந்தவங்க, ஊர்நாட்டுல இருந்து முதல் பஸ் பிடிச்சு வந்த கட்சிக்காரங்க. இவங்கள்ல கட்சிக்காரர் காலையில 8.30-லிருந்து 10 மணிக்குள்ள டிபன் சாப்பிடுவார். அவர் வழக்கு எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது, அதனால மதியம் வந்தாலும் வருவார், வாய்தா வாங்கிட்டு 12 மணிக்கே ஊருக்குப் பஸ் ஏறினாலும் ஏறிருவார்.

உலகனேரி ஹைகோர்ட் கிளை வேற கதை. 2004 ஜூலை 24-ல் அது திறந்தப்ப 13 மாவட்டத்துக்குப் பொறுப்பு. இப்ப தென்காசியும் சேர்ந்து 14. நேரம் 10.30-லிருந்து 1.30, அப்புறம் 2.15-லிருந்து 4.45. அந்த வளாகத்துல இருந்து ஊருக்குள்ள வந்து சாப்பிட்டுட்டுத் திரும்ப முடியாது. அங்க போறது கேரியரும் பார்சலும்தான். நாகர்கோவில், தூத்துக்குடியில இருந்து ராத்திரி பஸ்ல வர்ற கட்சிக்காரங்க விடியக்காலையில மாட்டுத்தாவணியில இறங்குறாங்க, அவங்க காலை டிபன் ஆளுங்க.

ஒரே மெஸ் ரெண்டு கூட்டத்தையும் பிடிக்க நினைச்சா பார்சல் கட்டுற கையும் பந்தி விசாரிக்கிற கையும் ஒரே நேரத்துல மோதும். முதல்ல இதுல ஒரு முடிவுக்கு வாங்க.

#3 கரண்டி மாஸ்டர்

சோத்துல இருந்து ஆரம்பிப்போம்.

நாற்பது இருக்கைக்கு முக்கால் மணி நேரத்துல ரெண்டரைப் பந்தி ஓடும். மூணு பந்தின்னு சொல்றவங்க பேப்பர்ல போட்ட கணக்கு. ஆக, 100 சாப்பாடு. கல்யாண வீட்டுக்கு 100 பேருக்குப் புழுங்கல் பொன்னி 16 கிலோ வரைக்கும் போடுவோம். கோர்ட்டுக்கு 14 கிலோ போதும், ஏன்னா வக்கீலுங்க மத்தியானத்துக்கு மேல நின்னு பேசணும், வயிறு முட்டச் சாப்பிட மாட்டாங்க. ஆனா கட்சிக்காரர் கூட்டம் ஜாஸ்தி இருக்கிற நாள்ல அதே 14 கிலோ 80 பேரோட முடிஞ்சிரும். அதனால மொத்தமா ஒரே அண்டாவுல போடாதீங்க. மூணு உலை:

முதல் உலை 6 கிலோ, 12.30-க்கு வடிச்சு இறக்கணும். 12.45-க்கே வர்ற குமாஸ்தா, போலீஸ், முதல் பந்தி எல்லாம் இதுல.

ரெண்டாவது உலை 5 கிலோ, 1.15-க்கு.

மூணாவது 3 கிலோ. அரிசியக் களைஞ்சு ஊற வச்சு, தண்ணியக் கொதிக்க வச்சுட்டு நிக்கணும். 1.20-க்கு வாசலைப் பார்த்துட்டுத்தான் அரிசிய உள்ள போடுறது. ஊறுன புழுங்கல் கொதிக்கிற தண்ணியில 20 நிமிஷத்துக்குள்ள வந்துரும். வேணாம்னா வேணாம், ஊறுன அரிசி மறுநாள் காலை இட்லி மாவுக்கோ ஆப்பத்துக்கோ போயிரும்.

14 கிலோவையும் ஒண்ணா வடிச்சா அடியில இருக்கிற சோறு மேல் பாரத்துல நசுங்கிக் களியாகும். ரெண்டாம் பந்திக்காரர் இலையில விழுறது அதுதான். அப்புறம் "ருசி போச்சு"ன்னு சொல்லாம என்ன சொல்வார்?

புது அரிசி வந்தா சொல்லுங்கன்னு அரிசி மண்டியில கண்டிப்பாச் சொல்லி வைங்க. புது நெல்லு அரிசி தண்ணி கம்மியாக் குடிக்கும், சீக்கிரம் குழையும். அதே மாஸ்டர், அதே உலை, அதே நேரம், ஆனா சோறு கெட்டுப் போறதுக்குப் பாதி நாள் இதுதான் காரணம்.

#4 மாசிவீதி

சாம்பாருக்கு நான் ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் கை மாறும் மெஸ்களில் இதை யாரும் கவனிப்பதில்லை: தண்ணீர்.

பழைய ஆள் கார்ப்பரேஷன் தண்ணீரை (வைகைத் தண்ணீர்) சமையலுக்கும், போர் தண்ணீரைக் கழுவுவதற்கும் தனித்தனித் தொட்டியில் வைத்திருப்பார். புது ஆள் குழாயைச் சீரமைக்கிறேன் என்று இரண்டையும் ஒரே டேங்கில் இணைத்துவிடுவார். போர் தண்ணீரின் கடினத்தன்மையால் துவரம் பருப்பு மலராது. மலராத பருப்பை மத்தால் கடைந்தால் மாவு மாதிரி அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். கெட்டியாக்க மாஸ்டர் பருப்பைக் கூட்டுவார், செலவு ஏறும், ஆனாலும் சாம்பார் ஒட்டாது.

100 சாப்பாட்டுக்கு 16 முதல் 18 லிட்டர் சாம்பார். பருப்பு லிட்டருக்கு 100 கிராம் வீதம் 1¾ கிலோ. புளி 350 கிராமுக்கு மேல் வேண்டாம். பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு கரண்டி விளக்கெண்ணெயும் விட்டு வேகவையுங்கள். புளித்தண்ணீரும் உப்பும் பருப்பு முழுக்க மலர்ந்த பிறகு. புளி முன்னால் விழுந்தால் பருப்பு அப்படியே விறைத்து நிற்கும், அதற்கப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பயனில்லை.

பெருங்காயம், தாளிப்பு இரண்டும் 1.15-க்கு. காலை 11 மணிக்கே தாளித்து வைத்த சாம்பாருக்கு 1.30-க்கு வாசனை இருக்காது. இட்லிக்குப் போகும் காலைச் சாம்பாரை மதியச் சோற்றுக்கு நீட்டுகிற வேலை மட்டும் கூடாது. அதற்குப் பருப்பு கம்மி, வெல்லம் உண்டு. சோற்றில் ஊற்றினால் உடனே தெரிந்துவிடும்.

#5 கல்லாக்காரன்

தண்ணீர் விஷயம் நல்ல பாயின்ட். இனி கறி. சுக்காதானே கோர்ட்டு மெஸ்ஸின் பேரே.

#6 கரண்டி மாஸ்டர்

சுக்கா. எலும்போட வெள்ளாட்டுக் கறி 1 கிலோ வெந்து சுண்டுனா 600-லிருந்து 650 கிராம். பிளேட்டுக்கு 100 கிராம்னா கிலோவுக்கு 6 பிளேட்டு, அதுக்கு மேல சொல்றவங்க எலும்பை எண்ணுறாங்க. 100 பேர்ல 50 பேர் சுக்கா கேப்பாங்க. 8½ கிலோ வாங்கணும். தொடையும் முன்னஞ்சப்பையும் பாதிப் பாதி. நெஞ்செலும்பு, கழுத்து எல்லாம் குழம்புக்கு. துண்டு பெருவிரல் நுனி அளவு. பெருசா வெட்டுனா உள்ள மசாலா ஏறாது, சின்னதா வெட்டுனா வறுக்கையில நாராப் பிரியும்.

1 கிலோவுக்கு: சின்ன வெங்காயம் 250 கிராம், ராமநாதபுரம் குண்டு மிளகாய் 10-12, இஞ்சி பூண்டு விழுது 50 கிராம், கடலை எண்ணெய் 80 மில்லி, மிளகு 10 கிராம், சோம்பு 5 கிராம், கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி. மிளகை அன்னன்னிக்கு வறுத்துக் கொரகொரன்னு பொடிக்கணும். தக்காளி வேணாம். தக்காளி போட்டா அது வறுவல் இல்ல, தொக்கு.

வேலை ரெண்டு கட்டம். முதல் கட்டம், கறியை மஞ்சள், உப்பு, பாதி இஞ்சி பூண்டு போட்டு வேகவச்சு 11.30-க்குள்ள முடிக்கணும். வெந்த தண்ணிய வடிச்சு எடுத்து வைங்க, அது குழம்புக்கு. கீழ ஊத்துனீங்கன்னா அன்னிக்குக் குழம்பு செத்துச்சு.

ரெண்டாவது கட்டம் வறுக்கிறது. அகலமான இரும்புக் கடாய், ஒரு தடவைக்கு 2 கிலோதான். 12-லிருந்து 15 நிமிஷம். நாலு தடவை ஓட்டுனா 12.20-லிருந்து 1.20. இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. நேரம் மிச்சம்னு 5 கிலோவை ஒரே கடாயில தட்டுவாங்க. கடாய் சூடு இறங்கிரும், கறியில இருந்து தண்ணி விட்டுரும், அந்தத் தண்ணியிலயே கறி மறுபடி வேகும். வறுபடாது. நிறம் வராது, அதுக்காக மிளகாய்த்தூளும் எண்ணெயும் ஊத்துவாங்க. வாயில வச்சா எண்ணெயில ஊறுன பஞ்சு.

வறுத்தது அரை மணி நேரத்துல காய ஆரம்பிக்கும். அப்ப எண்ணெய் ஊத்தாதீங்க. எடுத்து வச்ச கறித்தண்ணி ரெண்டு கரண்டி தெளிச்சு, மூடி, சின்னத் தணல்ல வைங்க.

#7 தல்லாகுளத்தான்

மாஸ்டர், முதல் கட்டம் குக்கரா, அண்டாவா? இதுல ஊரே ரெண்டா நிக்குது.

#8 கரண்டி மாஸ்டர்

குக்கர்னா விசில் எண்ணாதீங்க. பெரிய குக்கர்ல விசில் பாதி வால்வோட குணத்தைப் பொறுத்தது. முதல் விசில் வந்ததும் தணலைக் குறைச்சு 18-லிருந்து 20 நிமிஷம், இளம் ஆட்டுக்கு. தானா ஆவி அடங்கவிட்டுத் திறக்கணும். முத்தல் ஆடு ஒண்ணு கலந்து வந்துட்டா இளங்கறி கரைஞ்சிரும், முத்தல் வேகாது, மூடியத் திறக்குற வரைக்கும் தெரியாது. அண்டாவுல அந்தத் தொந்தரவு இல்ல. முக்கால் மணியிலருந்து ஒரு மணி நேரம் ஆகும், ஆனா அப்பப்ப நசுக்கிப் பார்த்து வெந்த துண்டை அள்ளிரலாம். காலையில 9.30-க்கு அடுப்புல ஏத்த முடியும்னா அண்டாதான். முடியாதுன்னா குக்கர்.

#9 மாசிவீதி

விறகா, கேஸா என்கிற சண்டையையும் இத்தோடு முடித்துவிடலாம். வறுவலுக்கு விறகின் பரந்த தணல் நல்லது, உண்மை. ஆனால் 1.20-க்குத் திடீரென்று மூன்றாவது உலைக்குச் சூடு வேண்டுமென்றால் விறகு கேட்காது. கறிக்கு விறகு, சோற்றுக்கும் தாளிப்புக்கும் கேஸ் என்று பிரித்துக்கொள்கிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் விறகென்றால் சீமைக் கருவேலம்தான். 2017-ல் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு போட்டது உலகனேரிக் கிளை. இன்றைக்கும் அதே மரம் எரிந்துதான் பல வக்கீல்களுக்கு மத்தியானக் கறி வேகிறது.

#10 இலைக்கட்டு

சமையல் சரியா இருந்தும் கூட்டம் நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு: கை கழுவுற இடம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு குழாய். ஒரு ஆளுக்கு 40 செகண்டு. ஒரு பந்தி நாற்பது பேர் எழுந்தா குழாய்க்குப் பத்துப் பேர், 400 செகண்டு, ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. முப்பத்தஞ்சு நிமிஷத்துல ஏழு நிமிஷம் எச்சக் கையோட நிக்கிறார். குழாயை எட்டாக்குனா மூணரை நிமிஷம். புதுசா எடுக்கிறவங்க ஏசி போடுற காசுல நாலு குழாய் கூடப் போட்டா அன்னன்னிக்கு இன்னொரு அரைப் பந்தி ஓடும். சாக்கடை வாய்க்கு ரெண்டு சல்லடை, ஒண்ணு மாத்தி ஒண்ணு கழட்டி அலசுற மாதிரி. கறிவேப்பிலையும் எலும்பும் அடைச்சா 1.50-க்குத்தான் அடைக்கும், அதுக்கு முன்னாடி அடைக்காது.

இலை: தலைவாழை கல்யாணத்துக்கு. மெஸ்ஸுக்கு நறுக்கிய ஏடு போதும். சோழவந்தான் பக்கத்து இலை காலையில வந்துரும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை எகிறும், அப்ப வேணும்னா ஒரு நாள் முன்னாடியே வாங்கி ஈரச்சாக்கு போர்த்தி நிழல்ல வைங்க. ரெண்டு நாளைக்கு மேல வச்சா மடிப்புல கிழியும், ரசம் மேசைக்குப் போகும்.

1.20-க்கு இலை போட்டு உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு வச்சிரணும். அப்பளம் அப்ப வைக்காதீங்க, கூட்டு ஆவியில நமத்துரும். ஆள் உக்காந்ததும் சோறும் அப்பளமும் சேர்த்து. பத்து இலைக்கு ஒரு சப்ளையர், நாற்பதுக்கும் சேர்த்து இலை எடுக்க ரெண்டு பேர். இலை எடுக்கிறவர் சோத்து வாளியத் தொடக் கூடாது, இது சுத்தத்துக்கும் சரி, வேகத்துக்கும் சரி.

#11 வாய்தா

கோர்ட்டுக்குன்னே உள்ள ரெண்டு விஷயம் இலைக்கட்டு விட்டுட்டார்.

ஒண்ணு, சட்டை. வெள்ளைச் சட்டையில கறிக்குழம்பு சொட்டுனா அந்த மனுஷன் மத்தியானம் ஜட்ஜ் முன்னாடி எப்படி நிப்பார்? வாய் அகலமான வாளியும் குழிக்கரண்டியும் கொண்டு தோளுக்கு மேல நீட்டி ஊத்தவே கூடாது. சின்ன வாய்த் தூக்குவாளி, மூக்கு வச்ச கரண்டி, இலைக்கு எதிர்ப்பக்கம் நின்னு பரிமாறணும். அதுக்கு மேசை ஒருபக்கம் மட்டும் ஆள் உக்காருற மாதிரி இருக்கணும். பழைய மெஸ்கள்ல சுவரைப் பார்க்காம ஒரே வரிசையா உக்கார வச்சிருந்ததுக்குக் காரணம் இதுதான். புதுசா எடுக்கிறவங்க நாலு பேர் உக்காருற மேசையாப் போட்டு இருக்கையக் கூட்டிட்டோம்னு சந்தோஷப்படுவாங்க.

ரெண்டு, கோட்டும் கட்டும். சுவர்ல ஆணி வரிசை வேணும், இருக்கைக்கு ஒண்ணு, தலைக்கு மேல, அடுப்படிப் பக்கத்துச் சுவர்ல கூடாது, கவுன் எல்லாம் தாளிப்பு வாசனை ஏறிரும். கேஸ் கட்டு வைக்க நெஞ்சு உயரத்துல ஒரு பலகை. பலகை இல்லேன்னா கட்டை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிடுவாங்க, இல்ல பக்கத்து நாற்காலியில வைப்பாங்க. நாற்காலியில வச்சா உங்க நாற்பது இருக்கை முப்பதாயிரும்.

#12 தல்லாகுளத்தான்

எல்லாம் சரி. ஆனா மதுரையில மெஸ் நடத்திக்கிட்டு மத்தியானம் கறிதோசை இல்லேன்னா எப்படி? பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் வர்றாங்க.

#13 கரண்டி மாஸ்டர்

கேட்டுத்தான் வருவாங்க. கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க, 2.15 ஆயிரும்.

கறிதோசை மூணு அடுக்கு. கீழ ஊத்தப்பம் கனத்துக்கு மாவு, மேல முட்டை, அதுக்கு மேல வெந்த கொத்துக்கறி வறுவல். மாவு அடி சிவக்கணும், முட்டை பிடிக்கணும், திருப்பிப் போட்டுக் கறி கல்லுல படணும். 7 நிமிஷம். ஒரு கல்லுல மூணு. முக்கால் மணி நேரத்துல ஆறு ஈடு, மொத்தம் 18. அந்த 18-க்காகக் கல்லும் ஒரு மாஸ்டரும் முழுசாப் போயிருவாங்க, ஆம்லெட், கலக்கி எதுவும் வராது. அவசரத்துக்குத் தணலைக் கூட்டுனா அடி கருகும், நடுவுல மாவு பச்சையா நிக்கும்.

சாயங்காலம் 6 மணிக்கு மேல போடுங்க. மத்தியானப் பலகையில எழுதவே எழுதாதீங்க.

#14 தல்லாகுளத்தான்

ஒத்துக்க மாட்டேன். ஹால் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி 12.30-லிருந்து 1.15 வரைக்கும் கல்லு சும்மாத்தானே கிடக்கு? அப்ப வர்ற வெளி ஆளுங்களுக்குப் போடலாமே. 1.15-க்குப் பலகையில அழிச்சுட்டாப் போச்சு.

#15 கல்லாக்காரன்

அழித்துவிடலாம். ஆனால் பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவரைப் பார்த்துவிட்டு "அவருக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பவர் வக்கீல். வாதாடி ஜெயிக்க முடியாது. என் ஓட்டு மாஸ்டருக்கு.

#16 கரண்டி மாஸ்டர்

கறிதோசைக்குப் பதிலா மத்தியானத்துக்குக் கோலா உருண்டை வைங்க. முன்கூட்டிச் செஞ்சு வைக்கலாம், கையில எடுத்துச் சாப்பிடலாம், பார்சலுக்கும் போகும்.

கொழுப்பில்லாத கைமா 1 கிலோ, பொட்டுக்கடலை மாவு 200 கிராம், தேங்காய் அரை மூடி, சின்ன வெங்காயம் 150 கிராம், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, கறிவேப்பிலை. 30 கிராம் உருண்டையா 50 வரும். கைமாவைக் கழுவாதீங்க. கழுவணும்னா முழுக்கறியாக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, அப்புறம் கொத்துங்க. கொத்தினதைக் கழுவுனா அந்தத் தண்ணி போகவே போகாது, எண்ணெயில போட்டதும் உருண்டை பிரிஞ்சு எண்ணெய் முழுக்கத் தூளா மிதக்கும். அதுக்குப் பயந்து பொட்டுக்கடலைய 300, 350-ன்னு ஏத்துனா கல்லு மாதிரி ஆயிரும், கறி வாசனையே இருக்காது. தேங்காயும் தண்ணி விடாம அரைக்கணும்.

ஒரு உருண்டைய முதல்ல போட்டுப் பாருங்க. பிரிஞ்சா எல்லாத்துக்கும் மாவு ஒரு கைப்பிடி சேர்க்க இன்னும் நேரம் இருக்கும். 12.45-க்கு முக்கால் வேக்காடு, இலைக்குப் போறப்ப ஒரு நிமிஷம் மறுபடி எண்ணெயில. எண்ணெய் நுரைச்சுப் புகை வந்தா மாத்துங்க. உணவுப் பாதுகாப்பு விதிப்படி எண்ணெய்ல மொத்த போலார் காம்பவுண்டு (திரும்பத் திரும்பக் காய்ச்சுறதால எண்ணெய்ல சேருற கழிவு) 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, அதிகாரி கையில அளக்குற கருவி இருக்கும்.

வெள்ளிக்கிழமை, அமாவாசைக்கு அதே அளவுல வாழைப்பூக் கோலா. பருப்பு கொரகொரப்பா அரைச்சு.

#17 கல்லாக்காரன்

அடுத்து என் இலாகா. பற்று.

கோர்ட்டு மெஸ்ஸில் கடன் கொடுக்காமல் நடத்த முடியாது என்பது பாதி உண்மைதான். சீனியர் வக்கீல் பணம் கொடுப்பார், ஆனால் எப்போது ஃபீஸ் வருகிறதோ அப்போது. குமாஸ்தா மாசச் சம்பளக்காரர், தேதி தவறாது. ஜூனியர்கள் நிலைமைதான் இழுபறி. அவர்களுக்குக் கடனை நீட்டினால் கூச்சத்தில் வருவதையே நிறுத்திவிடுவார்கள், ஆளும் போய் பாக்கியும் போய்விடும். அவர்களுக்குக் கடனுக்குப் பதில் அளவுச் சாப்பாடு வையுங்கள்: ஒரு கிண்ணம் சோறு, ஒரு குழம்பு, ரசம், பொரியல். முழுச் சாப்பாட்டின் பாதி விலையை விடக் கொஞ்சம் கூட. உங்களுக்கும் கட்டும்.

மற்றவர்களுக்கு டோக்கன் புத்தகம். 25 டோக்கன், முன்பணம், ஒரு சாப்பாடு இலவசம். பற்று நோட்டில் 2 மணி நெரிசலில் ஒருவர் எழுத, ஒருவர் எழுதாமல் போக, மாசக் கடைசியில் சண்டை. சண்டை வக்கீலோடு, மறுபடி சொல்கிறேன்.

கல்லாவில் ஒரே வரிசை வைக்காதீர்கள். டோக்கன் வைத்திருப்பவர் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கட்டும். ஜிபே, போன்பே அட்டை ஒவ்வொரு மேசை வரிசைக்கும் ஒன்று, பணம் வந்ததை வாசிக்கிற பெட்டி கல்லாவில். ஊர்நாட்டுக் கட்சிக்காரர் ரொக்கம்தான் நீட்டுவார், அதிலும் 500 ரூபாய்த் தாள். காலையிலேயே சில்லறை பிரித்து வையுங்கள்.

#18 உலகனேரி

பார்சல் பக்கம் யாரும் பேசல, அதனால.

கிளைக்கு 1.30-க்குச் சாப்பாடு கையில இருக்கணும்னா ஊருக்குள்ள இருந்து 12.40-க்கு வண்டி கிளம்பணும். மாட்டுத்தாவணி நெரிசல், ஒத்தக்கடைப் பக்கம் லாரி, வளாக வாசல்ல சோதனை, இது மூணும் சேர்ந்து எப்ப எவ்வளவு தின்னும்னு சொல்ல முடியாது. அதனால பார்சலுக்குச் சுக்கா முதல் ஈடுலயே எடுத்துருங்க, சோறு முதல் உலையில.

2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் தமிழ்நாட்டுல தடை. பிளாஸ்டிக் கவர்ல சாம்பார் கட்டிக் கோர்ட்டு வாசலுக்கே கொண்டு போறதுக்கு ரொம்ப தைரியம் வேணும். எவர்சில்வர் கேரியர்தான் தீர்வு. ஒரு வாடிக்கைக்கு ரெண்டு செட், ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. மூடியில பெயிண்டால நம்பர். ரசத்தை மேல் தட்டுல வைக்காதீங்க, வண்டி குலுங்குனா கீழ இருக்கிற சோத்துல இறங்கும். அடியில ரசம், அதுக்கு மேல குழம்பு, அப்புறம் சோறு, உச்சியில பொரியலும் கறியும். கேரியரைக் கெட்டிச் சாக்குப்பையில போட்டா முக்கால் மணி நேரம் கை பொறுக்காத சூடு இருக்கும். 60 டிகிரிக்குக் கீழ இறங்கி ரொம்ப நேரம் கிடந்த கறி ஆபத்து, அது விதியிலயும் இருக்கு, வயித்துலயும் தெரியும்.

தயிர், மோர் கேரியருக்குள்ள கூடாது. சூட்டுல திரிஞ்சிரும். தனி டப்பா.

#19 மாசிவீதி

கல்லாக்காரன் பழைய கதை வேண்டாம் என்றார். ஆனால் ஒரு பழைய விஷயம் கணக்குக்குள் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஜில்லா கோர்ட்டு வெகுகாலம் நடந்தது திருமலை நாயக்கர் மகாலுக்குள். நேப்பியர் பிரபு 1866-லிருந்து 1872 வரை கவர்னராக இருந்தபோது அந்த மகாலைச் செப்பனிட்டதும் அதில் ஆபீஸ்கள் நடந்ததும் தெரிந்ததுதான். அப்போது கோர்ட்டு வைகைக்குத் தெற்கே, மகாலுக்குள்ளேயே. சுற்றியிருந்தது சௌராஷ்டிரர்கள் வாழும் தெருக்கள். புளியோதரை, பொங்கல், காபி என்று நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகிற கடைகளுக்கு அங்கே தோதான இடம். கோர்ட்டு ஆற்றுக்கு வடக்கே போனதும்தான் அகலமான ரோடும் உட்கார்ந்து சாப்பிடும் கறிச் சாப்பாடும் சேர்ந்தன.

இதில் புதுசாக எடுப்பவருக்கு என்ன? மகால் பக்கத்துச் சின்னக் கடையின் மெனுவை அப்படியே வடக்கே கொண்டுவந்து வைத்தால் ஓடாது, ஆற்றுக்கு வடக்கே உள்ள மெஸ்ஸின் முழு இலைச் சாப்பாட்டை அந்தத் தெருக்களில் வைத்தாலும் ஓடாது. நடைதூரம் மெனுவைத் தீர்மானிக்கிறது.

#20 தல்லாகுளத்தான்

கூட்டம் ஏறி இறங்குற நாளையும் எழுதிருவோம்.

வக்கீலுங்க கோர்ட்டுப் புறக்கணிப்புன்னா காலை 10.30-க்கே தெரிஞ்சிரும். ஒரு குமாஸ்தாகிட்ட போன் போட்டுக் கேட்டுக்கங்க. கட்சிக்காரங்க வந்துதான் இருப்பாங்க, ஆனா வாய்தா வாங்கிட்டு 11.30-க்குக் கலைஞ்சிருவாங்க. அன்னிக்கு டிபன் நீளும், சாப்பாடு பாதி. ரெண்டாவது உலைய ஏத்தாதீங்க, வெந்த கறியில பாதியை வறுக்காம எடுத்து வச்சுச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்க.

தேசிய லோக் அதாலத் சனிக்கிழமையில வரும். மத்த சனிக்கிழமை மாதிரி நினைச்சு ஏமாந்துராதீங்க. விபத்து நஷ்டஈட்டு வழக்கு, அதான் எம்.சி.ஓ.பி., அதுக்காக இன்சூரன்ஸ் ஆபீசருங்க, குடும்பத்தோட கட்சிக்காரங்கன்னு வருவாங்க. இடைவேளைன்னு ஒண்ணு தனியா இருக்காது, 12-லிருந்து 3 வரைக்கும் சொட்டுச் சொட்டா வந்துக்கிட்டே இருக்கும். மூணு உலைய அஞ்சாப் பிரிச்சுக்கங்க.

புரட்டாசி, கார்த்திகை மாலை போடுற காலம், இதுல கறி பாதியாக் குறையும். அப்ப சைவத்தை ஒப்புக்கு வைக்கிற மெஸ் அந்த ரெண்டு மாசத்துல ஆளை விட்டுரும், போன ஆள் தை பொறந்தும் திரும்ப மாட்டார். ஒரு காரக்குழம்பு, ஒரு கெட்டிக் கூட்டு, வாழைப்பூக் கோலா, இது போதும்.

சித்திரைத் திருவிழாவுல எதிர்சேவைக்கும் அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கும் தல்லாகுளம், கோரிப்பாளையம் ரோடெல்லாம் ஜனம். ஆத்துல இறங்குற அன்னிக்குக் கோர்ட்டுக்கு உள்ளூர் விடுமுறை. தெருவுக்குத் தெரு அன்னதானம் நடக்கையில காசு கொடுத்து யார் சாப்பிடுவா? கடையைச் சாத்திட்டு வாசல்ல நீர்மோர் ஊத்துங்க.

#21 இலைக்கட்டு

வெங்காயத்துக்கு ஒரு குறிப்பு. சின்ன வெங்காயம் கீழமாரட் வீதியில மூட்டையா எடுக்கிறப்ப மூட்டை நடுவுல கைய விட்டுப் பாருங்க. மழைக்காலத்துச் சரக்கு மேல காஞ்சும் நடுவுல ஈரமாவும் இருக்கும். அதைச் சுக்காவுல போட்டா மாஸ்டர் சொன்ன தண்ணிப் பிரச்சனை வெங்காயத்துல இருந்தே ஆரம்பிக்கும். வாங்குனதும் சாக்கைப் பிரிச்சுத் தரையில ஒரு நாள் பரப்பிருங்க.

#22 வாய்தா

மே மாசம் மிச்சம். ஹைகோர்ட்டுக்கும் சிவில் கோர்ட்டுகளுக்கும் கோடை விடுமுறை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்குக் கிடையாது. ரிமாண்டு, ஜாமீன் வேலை நடந்துக்கிட்டே இருக்கும். ஆக, போலீஸும் ஜாமீன்காரங்களும் வருவாங்க, சிவில் வக்கீலுங்க வர மாட்டாங்க. நூறு சாப்பாடு முப்பது, நாற்பதுல நிக்கும்.

இந்த மாசத்துல முழுசா மூடுனா சப்ளையர் வேற கடைக்குப் போயிருவார், ஜூன்ல திரும்ப வர மாட்டார். முகம் தெரிஞ்ச சப்ளையர் போனா "சாருக்கு ரசம் முதல்ல, குழம்பு அப்புறம்" அப்படின்ற கணக்கும் அவரோட போயிரும். ஆளுங்களை ரெண்டு ஷிப்டாப் பிரிச்சு ஊருக்கு அனுப்புங்க, பாதிச் சம்பளமாவது கொடுங்க. ஒரு உலை, 3 கிலோ கறி, பத்து இலை வரிசை மட்டும் ஓடட்டும். சுண்ணாம்பு அடிக்கிறது, தொட்டி கழுவுறது, சாக்கடைக் குழாயைக் கழட்டிச் சுத்தம் பண்றது எல்லாம் இப்பவே முடிச்சிரணும். இரும்புக் கடாயை இந்த மாசம் சும்மா கவுத்துப் போட்டா துரு ஏறிரும். தேய்ச்சு, காய வச்சு, நல்லெண்ணெய் தடவி வைங்க. ஜூன்ல முதல் ஈடு சுக்கா போடுறதுக்கு முன்னாடி அதுல ரெண்டு நாள் வெறும் வெங்காயத்தை வதக்கி எடுத்துருங்க, இல்லேன்னா முதல் வாரம் கறி அடி பிடிக்கும்.